அப்பா ஊரின் துணி

கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்து வளர்ந்தவர்களில் மிச்சம் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் கேட்கலாம், தடையில்லை. மூட்டு வலியும் சீனி வருத்தமும் வந்த பிறகு நாம் எங்கே சந்தித்தாலும் மாத்திரைப் பெயர்களைத்தான் பேசிக்கொள்கிறோம். இன்றைக்கு ஒரு மாறுதலாக, பத்து வயதில் நான் செய்த ஒரு காரியத்தைப் பேசுவோம். சின்னப் பிள்ளைதானே என்று என்னை நானே எத்தனையோ தடவை சமாதானப்படுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

நம் வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாக நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் அப்பாவும் போனார். கணக்கு வாத்தியார். இரண்டு வருஷ ஒப்பந்தம். ஒரு தைப்பொங்கல் கழிந்த வாரம், எங்களைக் கண்டி ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு ரயில் ஏறினார். அம்மா, நான், ஆறு வயதுத் தம்பி மூன்று பேரும் கண்டியிலேயே, கொழும்பு வீதியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த இரண்டு வாடகை அறைகளில் தங்கிவிட்டோம். கீழே கடை வைத்திருந்தவர்தான் வீட்டுக்காரர். முஸ்லிம் மனிதர். நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மெஷின் சத்தம் பலகைத் தரை வழியாக ஏறி வந்து படுத்திருப்பவர் முதுகைத் தட்டும். அந்தச் சத்தம் நின்றால்தான் தம்பிக்கு விழிப்பு வரும்.

அப்பா போன இடம் ஒரு சின்னக் கடற்கரை ஊர். அதற்குப் பெயர் இருந்தது. அப்பா அதைத் தமிழில் ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதினார். எதுவும் சரியில்லை என்று அவருக்கே தெரியும். தம்பி அந்தத் தொல்லையே வேண்டாம் என்று ‘அப்பா ஊர்’ என்று சொல்ல ஆரம்பித்தான். அதுவே நிலைத்துவிட்டது.

ஏரோகிராமை மறந்திருக்கமாட்டீர்கள். நீலக் காகிதம், மடித்து ஒட்டினால் அதுவே கடிதம், அதுவே உறை. திறக்கத் தெரியாமல் கிழித்தால் நடுவில் நாலு வரி போய்விடும். எங்கள் வீட்டில் அதைத் திறக்கிற உரிமை எனக்கு மட்டும்தான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான் வாசிக்க, அம்மா கேட்டுக்கொண்டே தேங்காய் துருவுவாள். ஒவ்வொரு கடிதத்தின் கடைசி மடிப்பிலும் ஒரு ஓரத்தை அப்பா எழுதாமல் விட்டிருப்பார். அந்த இடத்தில் எனக்காக ஒரு படம் இருக்கும். ஊரின் ஒரு துண்டு.

முதல் கடிதத்தில் இரண்டு கோடுகள். கீழ்க்கோடு கடல். மேல்கோடு களப்பு, கடலை ஒட்டிக் கிடக்கும் உப்பேரி. நடுவில் ஒல்லியான ஒரு மணல் திட்டு, அதில்தான் ஊர். அடுத்த கடிதத்தில் தென்னைகள். அதற்கடுத்ததில் களப்புக்கு அக்கரையில் பள்ளிக்கூடம், இக்கரையில் அப்பாவின் வீடு, இடையே ஒரு தோணி. தினமும் காலையில் தோணிக்காரர் நீளக் கம்பை ஊன்றி அவரை அக்கரைக்குக் கொண்டு விடுவார். பிறகு மீனைப் புகை போடுகிற மண் அடுப்புகள் வந்தன. ஐந்து நாளுக்கு ஒரு தரம் கூடுகிற சந்தை வந்தது. கிழக்கே போகிற வீதி லாகோசுக்கு என்றும், மேற்கே போகிற வீதி அடுத்த நாட்டு எல்லைக்கு என்றும் அம்புக்குறி போட்டிருந்தார். மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து ரவை மாதிரி வறுத்துச் சாப்பிடுகிறார்கள் என்றும், அவர்கள் குழம்பின் உறைப்புக்கு முன்னால் அம்மாவின் குழம்பு வெறும் பாற்சோறு என்றும் எழுதியிருந்தார். அதை வாசித்தபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் சிரித்தாள்.

நான் அந்தத் துண்டுகளை எல்லாம் பார்த்து, பழைய கலண்டர் தாள் நாலை ஒட்டி அதன் பின்பக்கத்தில் பெரிதாக வரைந்தேன். கடலுக்கு நீலச் சோக்கட்டி, களப்புக்குப் பச்சைச் சோக்கட்டி. நானும் தம்பியும் கடலைப் பார்த்ததே கிடையாது. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் கண்டிக் குளம்தான். ஆகவே குளத்தைக் களப்பு ஆக்கினோம். நடுவில் இருக்கிற தீவு அப்பாவின் பள்ளிக்கூடம். நீர்க்காகங்கள் உட்கார்ந்து எச்சமிட்டு வெளுக்கவைத்த பெரிய மரம் சந்தை. சாயங்காலத்தில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது, “இப்ப அப்பா தோணியில இருந்து இறங்குறாரு” என்று தம்பி அறிவிப்பான். மல்வத்தை விகாரைப் பக்கத்துப் பிக்குமார் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆவணி மாதத்தில் கடிதங்கள் நின்றன. ஒரு கிழமை, இரண்டு கிழமை, இப்படியே ஆறு வாரம். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டுப் போவார். அம்மா கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒவ்வொரு வெள்ளியும் தேங்காய் உடைத்தாள்.

தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு வாத்தியார் படியேறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நைஜீரியாவில் வேறு எங்கோ படிப்பிக்கிறவர், லீவில் வந்திருந்தார். வாசலிலேயே நின்று ஒரு தடித்த உறையை நீட்டினார்.

“மாஸ்டர் இதைக் குடுக்கச் சொன்னவர். படம் பழுதாப் போயிடும், தபாலில போட விருப்பமில்லை எண்டார்.”

“அவருக்குச் சொகமா? லெட்டரே இல்லைங்க” என்றாள் அம்மா.

“நான் வேற இடம், அம்மா. லாகோசிலதான் ஒரு நாள் கண்டனான். ஓம், கொஞ்சம் மெலிஞ்சுதான் இருக்கிறார். வேற ஒண்டும் சொல்லேல்ல. நான் வாறன், பஸ் வெளிக்கிடப் போகுது.”

தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். உறைக்குள் ஒரு கலர்ப் படம் இருந்தது. கடிதம் இல்லை.

படத்தில் அப்பா. முழங்கால் வரை தொங்குகிற அகலமான அங்கி, தலையில் அதே துணியில் ஒரு தொப்பி. கருநீலத் துணி, அது முழுக்க மஞ்சள் மீன்கள். பக்கத்தில் ஒரு பெண். அவளும் அதே துணியை உடுத்து, அதே துணியைத் தலையில் எடுப்பாகக் கட்டியிருந்தாள். முன்னால் ஒரு ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. அவர்களுக்கும் அதே மஞ்சள் மீன். நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பந்தல் மாதிரி ஒன்றும் மேளக்காரர் ஒருவரின் பாதித் தோளும் தெரிந்தன.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் அந்தப் படத்தை வைத்துவிட்டு, அரிசி களையப் போனாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. அம்மாவின் சோறு குழைந்து நான் பார்த்ததில்லை.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் ஒரே அண்ணன். பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவர்களுடைய அப்பா, ஒரு நாள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு இருந்துவிட்டார். அப்போது மாமாவுக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து தங்கச்சியை வளர்த்தது அவர்தான். வாத்தியார் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா கண்டிக்கு இறங்கி வந்து துணி எடுப்பார். உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒரே பீஸ். அதிலேயே அவருடைய பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சட்டை, கவுன், பாவாடை எல்லாம். தோட்டத்தில் தீபாவளியன்று லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசலில் நின்று பார்த்தால் எந்தப் பிள்ளை எந்த வீடு என்று துணியை வைத்தே சொல்லிவிடலாம். ஊர்ப் பிள்ளைகள் எங்களைக் கேலி செய்வார்கள், ஜன்னல் சீலையில் மிஞ்சியதா என்று. அந்த வருஷம் பச்சைக் கட்டம் போட்ட துணி. மாமா அதை மேசையில் விரித்துக்கொண்டிருந்தார். அம்மா அலுமாரியில் இருந்து படத்தை எடுத்து வந்து அந்தத் துணி மேல் வைத்தாள்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கழற்றினார். மறுபடியும் போட்டார்.

“இது என்னா கோலம்?”

அம்மா துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“தலையில தலைப்பா மாதிரி. பந்தல். மேளம். ஒரே துணியில வெட்டிப் போட்டுக்கிட்டு நாலு பேரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இதுக்கு என்னா அர்த்தம்? குடும்பமுன்னு அர்த்தம். இது கூடவா எனக்குத் தெரியாது?”

“வேற ஏதாச்சும் இருக்கும்ணே.”

“என்னா இருக்கும்? நீயே சொல்லு. மூணு மாசமா லெட்டர் இல்ல. புள்ளகுட்டியோட இருக்கிறவளாப் பாத்து சேர்ந்துக்கிட்டான். நம்மப்பன் செஞ்சதும் இதுதானே?”

மூன்று மாதம் இல்லை, ஆறு கிழமை. ஆனால் யாரும் திருத்தவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சாவு வீடாக இருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? நம் ஆட்கள் சாவு வீட்டில் புதுத்துணியா போடுகிறார்கள்? சிரித்துக்கொண்டு படமா எடுக்கிறார்கள்?

மாமா என்னைக் கூப்பிட்டார். “கொப்பியும் பேனாவும் எடு புள்ள.”

என் கையெழுத்து அப்பாவின் பெருமை. இரட்டைக்கோட்டுக் கொப்பியில் என் விரலைப் பிடித்து எழுதவைத்துப் பழக்கியவர் அவர்தான். கல்யாணப் பத்திரிகை உறையில் இருந்து நானாவின் கடைப் பலகை வரை, “எங்க மக எழுதுவா” என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். மாமா சொல்லச் சொல்ல, அதே குண்டு எழுத்தில் எழுதினேன். உங்களுக்கு இங்கே மனைவி இல்லை. பிள்ளைகளும் இல்லை. நாங்கள் பன்விலவுக்குப் போகிறோம். இனிக் கடிதம் போடவேண்டாம்.

அம்மா தடுக்கவில்லை. மாமா உறை வாங்கக் கடைக்கு இறங்கினார். தாளில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அப்பா எனக்கு விடுகிற இடம் மாதிரியே ஒரு ஓரம். படத்தில் இருந்த அந்தப் பெண் பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும். அவளுக்கும் அப்பா படம் வரைந்து கொடுப்பார் என்று நினைத்தேன். யாரும் சொல்லாமல், நானாக, அந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன்.

‘அப்பா ஊர்ப் படத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.’

எழுதியபோது அது பொய். படம் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதியதைப் பொய்யாக்கக்கூடாது என்று கழற்றிக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். கலண்டர் தாள் கனமானது, சட்டென்று பிடிக்கவில்லை. ஊதினேன். முதலில் லாகோஸ் வீதி போனது, பிறகு சந்தை. தம்பி ஓடி வந்து, “அக்கா, அப்பா ஊரு!” என்று கத்தினான். அவனைத் தள்ளிவிட்டேன். கடல்தான் கடைசியாக எரிந்தது. நீலச் சோக்கின் நாற்றம் இன்னும் எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முன்பே பன்விலவுக்குப் போய்விட்டோம். பச்சைக் கட்டத்தை மாமாவின் பிள்ளைகளோடு சேர்ந்து உடுத்தினோம். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம், ஐந்து வகுப்பும் அதற்குள்தான். ஒரு வகுப்பின் வாய்ப்பாட்டை இன்னொரு வகுப்பு சொல்லும். காலையில் பனி உள்ளே வந்து கரும்பலகையை நனைத்துவிடும். கண்டியில் நன்றாக நடந்த தம்பிக்குக் காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டை என்றால் உயிர் போகும். மாமா வீட்டில் எங்களை ஒரு குறையும் சொல்லவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனாலும் பொங்கல் கழிந்ததும் அம்மா கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தாள். மாமா வேண்டாம் என்று சத்தம் போட்டார்.

“வாத்தியார் பொஞ்சாதி கூடையத் தூக்குறதா?”

“நான் யாரு பொஞ்சாதின்னு நீங்கதானேண்ணே எழுதவச்சீங்க” என்றாள் அம்மா. அம்மாவின் விரல்கள் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிட்டன.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைத்தூறலில் குடை பிடித்துக்கொண்டு தையல்கார நானா மேட்டில் ஏறி வந்தார். கண்டியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. மாமா தோட்டத்து ஒபீசுக்குப் போயிருந்தார்.

“தங்கச்சி, ஒங்கட பேருக்குப் பார்சல் ஒண்டு வந்தீக்கிது. கப்பல்ல வந்தது. நீங்கதான் நேர்ல போய்க் கையொப்பம் வெக்கணுமாம்.” ஒரு சீட்டை நீட்டினார். “தபால்ல அனுப்பிவிட்டா கைக்கு வருமோ வராதோண்டுதான் நானே கொண்டு வந்தேன். மூணு லெட்டர் அட்ரஸ் மாத்தி அனுப்பினேனே, ஒண்டுக்கும் பதில் இல்லயே? கெடச்சிச்சா?”

“என்னா லெட்டர்?” என்றாள் அம்மா.

தோட்டத்தில் நமக்குக் கடிதம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். தபால் முதலில் ஒபீசுக்கு, ஒபீசில் இருந்து கணக்கப்பிள்ளை கைக்கு. கணக்கப்பிள்ளை என் மாமா. அப்பாவின் மூன்று ஏரோகிராம்களையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு கேட்டபோது அவர் மறைக்கவில்லை. “திரும்பவும் மயங்கிறக்கூடாதுன்னுதான் தங்கச்சி” என்றார். கெட்ட மனிதர் செய்கிற காரியமாக இருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் அம்மா கொழுந்துக்குப் போகவில்லை. எங்களையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கண்டிக்கு வந்தாள். தபால் கந்தோரில் ஒரு ஐயா கத்தியால் பார்சலைக் கிழித்துச் சோதித்தார். உள்ளே இருந்து கருநீலத் துணி சரிந்து மேசையில் விழுந்தது. முழுக்க மஞ்சள் மீன்கள். புகை போட்ட மீனின் வாடை அந்தக் கந்தோர் முழுக்க எழும்பியது. மடிப்புக்குள் ஒரு கடிதம். திகதியைப் பார்த்தேன். படம் எங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே எழுதியது.

நானாவின் கடையில் உட்கார்ந்து வாசித்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘உனக்கு எழுதாத ஒன்று உண்டு. ஆவணியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். பயப்படுவாய் என்று எழுதவில்லை. பன்னிரண்டு நாள் தோணிக்காரர் வீட்டில்தான் கிடந்தேன். அவரும் அவர் மகளும்தான் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பிய வாரம் அவர் படுத்தார். அவர் எழும்பவில்லை. இந்த ஊரில் வயதானவர்கள் இறந்தால் கல்யாண வீடு மாதிரி மேளமும் சாப்பாடும் வைக்கிறார்கள். நல்லபடி வாழ்ந்துவிட்டார் என்று சிரித்து அனுப்பவேண்டுமாம். அவருடைய ஆட்கள் எல்லாரும் ஒரே துணியில் உடுத்தவேண்டும். யார் யார் அவருக்குச் சொந்தம் என்று ஊருக்குத் தெரியத்தான். எனக்கும் வெட்டினார்கள். லீவில் வருகிற ஒரு மாஸ்டரிடம் அனுப்புகிற படத்தில் என்னோடு நிற்பது அவர் மகளும் அவளுடைய பிள்ளைகளும். அவர் மகள், உனக்குப் பெண்சாதி பிள்ளைகள் உண்டே, அவர்கள் பங்கு எங்கே என்று கேட்டு, உங்களுக்கும் அளந்து கொடுத்தாள். தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அவர் வீட்டுச் சுவரில் மாட்டக் கேட்கிறார்கள்.’

கடைசி மடிப்பில் வழக்கம் போல ஒரு ஓரம். அதில் ஒரு தென்னை மரத்தடி, கீழே சின்னதாக ஒரு மேடு. ‘தோணிக்காரர்’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்.

அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். மாமா துணியைத் தப்பாகப் படிக்கவில்லை, அதுதான் கொடுமை. ஒரே துணி என்றால் ஒரே குடும்பம்தான். அந்தக் குடும்பத்துக்குள் எங்களுக்கும் அளந்து வெட்டியிருந்தார்கள். அது கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

“நானா, இப்பவே தைக்க ஏலுமா?” என்றாள் அம்மா.

நானா துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். “நல்ல துணி. சாயம் போகாது. ஆனா அவசரப்படுத்தாதீங்கோ. மீன் எல்லாம் ஒரே பக்கம் பாத்து நீந்தணும். தலைகீழா வெட்டினா அழகில்ல.” கையில் இருந்த வேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டார். மத்தியானத்துக்குள் தம்பிக்குச் சட்டை. மூன்று மணிக்கு என் கவுன். அம்மாவின் ஜாக்கெட் முடியும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மேல் அறைகளை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. “சும்மாதான் ஈக்கிது, தங்கச்சி” என்று சாவியைக் கொடுத்தார். நாங்கள் திரும்பிப் போகவில்லை.

அந்த வாரமே ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். படக்காரர் சிரிக்கச் சொன்னார். தம்பி மட்டும் சிரித்தான். கூடவே ஒரு கடிதம் எழுதவா என்று அம்மாவைக் கேட்டேன். “என்னாத்த எழுதுறது? துணியப் பாத்தா அவருக்குத் தெரியும்” என்றாள். எனக்கு மன்னிப்புக் கேட்க நாலு வரி இருந்தது. கேட்கத் துணிவில்லை. படம் மட்டும் போனது.

ஒரு மாதம் கழித்து ஏரோகிராம் வந்தது. ‘படம் கிடைத்தது. சுவரில் மாட்டியாயிற்று. எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வருவேன்.’ நான் கடைசி மடிப்பைத் திறந்தேன். ஓரம் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மார்கழி வரை பதினான்கு கடிதங்கள் வந்தன. அன்பான கடிதங்கள்தான். என் படிப்பை விசாரித்தார், தம்பியின் பல் விழுந்ததை விசாரித்தார். ஒவ்வொன்றிலும் அந்த ஓரத்தை விட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் அது வெறும் நீலமாகவே இருந்தது.

அவர் வந்த நாளில் மூன்று பேரும் மஞ்சள் மீன் உடுத்திக்கொண்டு கண்டி ஸ்டேஷனில் நின்றோம். என் கவுன் அதற்குள் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. ஸ்டேஷனே எங்களைத்தான் பார்த்தது. மாமாவும் வந்திருந்தார், யாரும் கூப்பிடாமலே. வெள்ளைச் சட்டையோடு தூரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றார். ரயில் நின்றது. அப்பா இறங்கினார். பாதி ஆளாக இருந்தார், முடி நரைத்திருந்தது. எங்கள் மூன்று பேரையும் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். தம்பியின் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

“வாங்க” என்றாள் அம்மா.

அப்பா தலையைத் தூக்கித் தூரத்தில் நின்ற மாமாவைக் கண்டார். பிறகு அம்மாவிடம், “மச்சானுக்குத் துணி பத்தலையா?” என்று கேட்டார்.

மாமா குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், தண்ணீர் சட்டையெல்லாம் நனைத்தது. அன்றைக்கே அம்மா மிச்சத் துணியில் அவருக்கு ஒரு அரைக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தாள். மாமா செத்த அன்றைக்கும் அந்தச் சட்டை அவருடைய உடுப்புப் பெட்டியில் மடித்தபடி இருந்தது.

அப்படி, அண்ணன் தங்கச்சி, புருஷன் பெண்சாதி, மச்சான் மச்சான் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். என் விஷயம்தான் அப்படியே நின்றது. அப்பா என்னைத் திட்டவில்லை, கேட்கவும் இல்லை. என்னை உயர்தர வகுப்பு வரை படிக்க வைத்தார், நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். ஆனால் அந்த ஸ்டேஷனுக்குப் பிறகு ஒரு உறையின் மேல் முகவரி எழுதக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகை உறைகளை அவரே உட்கார்ந்து எழுதினார். கை வலிக்க வலிக்க எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன்.

அம்மா போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு, எண்பதைத் தாண்டிய அப்பா என் வீட்டில் இருந்தார். கண் மங்கி, கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் மத்தியானம், தோணிக்காரரின் மகளுடைய மகனுக்கு, அந்தப் படத்தில் நின்ற பையனுக்கு, பேரப்பிள்ளை பிறந்த செய்தி ஒரு கார்டில் வந்தது. அதை நான் வாசித்துக் காட்டினேன். அப்பா கார்டை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“பேனா இருக்காம்மா?”

“இருக்குப்பா.”

“நான் சொல்றேன், நீ எழுது.”

நாற்பது வருஷத்துக்குப் பிறகு. ஆங்கிலத்தில் நாலு வரி சொன்னார், எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். எழும்பப் போனேன்.

“இன்னொரு தாள் கொண்டா.”

கொடுத்தேன். அப்பா பேனாவை வாங்கி, தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், மெதுவாக ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் இடம் விட்டு மேலே இன்னொரு கோடு. இரண்டும் வளைந்து வளைந்து போயின. நடுவில் சில குச்சிகள், தென்னை. ஒரு சின்னக் கட்டம், அவருடைய வீடு. ஒரு தோணி. ஒரு மேடு. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடந்தது, ஆனாலும் எனக்கு அதில் ஒரு இடமும் தவறவில்லை. கிழக்கே லாகோசுக்கு அம்புக்குறி போட்டுவிட்டு என் கையில் கொடுத்தார்.

“பத்திரமா வையி” என்றார். “அடுப்புப் பக்கம் கொண்டுபோயிறாத.”

அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அடுத்த வருஷம் போய்விட்டார். இப்போது எங்கள் வீட்டில் காஸ் அடுப்புதான். இருந்தாலும் அந்தத் தாளை நான் ஒரு நாளும் சமையலறைக்குள் கொண்டுபோனதில்லை.